ஐம்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு ஸ்பிரிங்

தங்க நிறத்தில் பளபளத்த இரண்டு ஷாக் அப்சார்பர்களைக் குளியல் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்தி வருவதுபோல் மாமா பட்டறைக்குள் நுழைந்தபோதே ஸ்பிரிங்கம்மாவுக்கு உதட்டோரம் கோணிக்கொண்டது. அவருக்குப் பின்னால், ஒரு குட்டி லாரியிலிருந்து முப்பது வயதான மோட்டார் சைக்கிள் ஒன்றை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி பழசு, ஷாக் புதுசு, ஆள் வெத்துவேட்டு என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு முடித்துவிட்டாள்.

ஸ்பிரிங்கம்மா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். பதினோரு வருடம் பேருந்துப் பணிமனையில் பட்டை ஸ்பிரிங் மாற்றி, பிறகு வெல்டிங் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவே சொந்தப் பட்டறை போட்டவள். எஞ்சின் தொடமாட்டாள், கார்புரேட்டர் தொடமாட்டாள். வண்டி குதிக்கிறதா, குனிகிறதா, ஆடுகிறதா, அதற்கு மட்டும்தான் அவள். வேலை சுத்தம், வாய் அசுத்தம் என்று பக்கத்துக் கடை வெல்டர் சொல்வார். அவள் காதில் விழும்படியாகச் சொல்லமாட்டார்.

மாமா அவளுடைய அக்காவின் கணவர். முப்பத்தைந்து வருடம் மருந்து கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை வாசிப்பதுபோலத்தான் வரும். அவர் கை வைத்துச் சரிசெய்த மின்விசிறி அன்று முதல் தலைகீழாகச் சுற்றியது. காற்று வாங்க வேண்டுமென்றால் கூரையில்தான் படுக்க வேண்டும். நாற்பதாயிரம் புத்தகம் உள்ள நூலகத்தில் எந்தப் புத்தகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருகிற அக்கா, புருஷனை மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே இப்படித் தேர்ந்தெடுத்துவிட்டாளே என்று ஸ்பிரிங்கம்மா இருபத்தாறு வருடமாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"இது கேஸ் சார்ஜ் பண்ணது, ம்மா. முப்பது நிலை இருக்கு. உலகத்தரம்," என்றார் மாமா, துண்டைப் பிரித்து.

"எந்த உலகத்துல மாமா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "மூணே மூணு விஷயம். ஒண்ணு, பின்னாடி இதை மாட்டணும். ரெண்டு, பிரேக் பிடிச்சா முன்னாடி குனியவே கூடாது. மூணு, சீட்டு ஒரு ரெண்டு இஞ்ச் கீழ இறங்கணும்."

ஸ்பிரிங்கம்மா அவரை அண்ணாந்து பார்த்தாள். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற மனிதர். "ஏன், கால் தரைக்கு எட்டலையா?"

"வயசாகுதுல்ல."

"வயசானா முடி கொட்டும், பல்லு கொட்டும். காலுமா குட்டையாகும்?"

வெல்டர் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார். ஆள் கூடியதும் ஸ்பிரிங்கம்மாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சரி, எடை சொல்லுங்க. எடைக்குத் தக்கபடிதான் ஸ்பிரிங் போடணும்."

மாமா ஒரு நொடி தயங்கினார். "ஐம்பத்தெட்டு."

அவள் அவருடைய சட்டைப் பொத்தான்கள் படும் பாட்டைப் பார்த்தாள். "தொப்பையை வீட்டுல கழட்டி வச்சுட்டு ஏறுவீங்களோ? இல்ல, அது வேற வண்டியில பின்னாடி வருமா?"

வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவுக்குக் காது மடல் சிவந்தது. ஆனால் வார்த்தையை மாற்றவில்லை. "ஐம்பத்தெட்டுன்னே எழுதிக்கோ ம்மா," என்று சொல்லிவிட்டு, ஷாக் அப்சார்பர்களை மேஜையின் சுத்தமான மூலையில் படுக்கவைத்துவிட்டுப் போனார்.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். ஓட்டத் தெரியாதவன் ஷாக்கு சரியில்லை என்கிறான். இதே நினைப்போடுதான் அவள் வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றினாள். அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் உருவி, மூடியைத் திறந்து, தட்டில் கவிழ்த்தாள். எண்ணெய் என்ற பெயரில் சாம்பல் நிறத்தில் ஒரு கழுநீர் வந்தது. செத்த மீன் வாடை. முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் மாற்றவில்லை போல. உள்ளே இருந்த ஸ்பிரிங்குகள் அசல் நீளத்தில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தன. இந்த லட்சணத்தில் பின்னாடி தங்கம் கேட்கிறது. கிழிந்த கால்சட்டைக்குப் பட்டு இடுப்புவார்!

எண்ணெயைத் துடைத்துவிட்டு, வழக்கப்படி உள்குழாய்களைத் தடித்த கண்ணாடிப் பலகைமேல் வைத்து உருட்டினாள். முதல் குழாய் நொண்டியது. கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. குழியில் விழுந்து வருகிற வளைவு இல்லை இது. நேராகப் போய் எதிலோ முட்டிய வளைவு. முன் மட்கார்டைத் திருப்பிப் பார்த்தாள். அடியில், மடிப்பின் இடுக்கில், செங்கல் தூள்.

ஸ்பிரிங்கம்மா மட்கார்டைக் கீழே வைத்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அக்கா போன் செய்திருந்தாள். மாடிப்படியில் சறுக்கி விழுந்துவிட்டாளாம். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல், கட்டுப் போட்டிருக்கிறதாம். இவள் போய்ப் பார்த்து, "கண்ணை எங்க வச்சுட்டு நடந்த?" என்று திட்டிவிட்டு வந்தாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா பக்கத்தில் நின்று எலும்பு சேர்வதைப் பற்றி விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மாடிப்படியாம்! இந்தப் பெரிய மனுஷன் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியிருக்கிறார். கையை உடைத்து, அவள் வாயாலேயே பொய்யும் சொல்ல வைத்து, இப்போது ஒன்றும் தெரியாதவர்போல ஷாக்கு மாட்ட வந்திருக்கிறார்.

கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தாள். "மாமா, உடனே வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

அரை மணி நேரத்தில் இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவால் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஸ்பிரிங்கம்மா யாரையும் உட்காரச் சொல்லவில்லை. கண்ணாடிமேல் குழாயை உருட்டினாள். அது நொண்டி நொண்டி விளிம்புவரை போய் நின்றது.

"இது என்ன மாமா?"

மாமா குனிந்து பார்த்தார். "தயாரிப்புக் குறைபாடா இருக்கும்."

"முப்பது வருஷம் ஒளிஞ்சிருந்துட்டு இன்னைக்கு வெளிய வந்துச்சா? அப்ப இந்தச் செங்கல் தூளும் தயாரிப்புலயே வந்ததா?" அவள் மட்கார்டை அவர் காலடியில் தொப்பென்று போட்டாள். "நேரா போய்ச் சுவத்துல முட்டியிருக்கீங்க. என் அக்கா கையை உடைச்சிருக்கீங்க. அதை ஒத்துக்கக்கூட முதுகெலும்பு இல்லாம மாடிப்படி மேல பழியைப் போட்டிருக்கீங்க. ஆறடி உசரம் இருந்து என்ன புண்ணியம்? உள்ள உரிச்சா வெறும் வெங்காயம். வண்டி ஓட்ட வரலைன்னா பஸ்ஸுல போங்க. ஊருக்கும் நல்லது, எங்க அக்காவுக்கும் நல்லது."

மாமா தலையைத் தூக்கவில்லை. "ஆமா ம்மா. என் தப்புதான். நான்தான்," என்றார் அவசர அவசரமாக. அவருடைய வாயிலிருந்து இவ்வளவு சின்ன வாக்கியம் வந்து அவள் கேட்டதே இல்லை.

"கேக்கவே வெக்கமா இல்ல? இந்த வயசுல..."

"நிறுத்துடி," என்றாள் அக்கா.

பக்கத்துக் கடையில் வெல்டிங் பொறி சடசடத்து அடங்கியது.

"ஓட்டுனது நான்."

ஸ்பிரிங்கம்மா மாமாவைப் பார்த்தாள். அவர் அக்காவைப் பார்த்து 'ஏன் சொன்னாய்' என்பதுபோல் முகத்தைச் சுளித்தார்.

"எட்டு மாசமா கத்துக்கறேன்," என்றாள் அக்கா. "நூலகத்துக்குப் பின்னாடி காலி மைதானம் இருக்குல்ல, அங்க. விடிஞ்சதும் இவர் கூட்டிட்டுப் போவார். நான் ஓட்டுவேன், இவர் கூடவே ஓடி வருவார். அன்னைக்கு ஒரு நாய் குறுக்க வந்துச்சு. பிரேக்கைப் பிடிச்சேன். முன்னாடி அப்படியே குப்புறக் குனிஞ்சுது. பயந்துபோய்ப் பிரேக்கை விட்டுட்டேன். சுவர் வந்துடுச்சு." அவள் வண்டியைப் பார்த்தாள். "ஐம்பத்தெட்டு கிலோ என்னோட எடை. சீட்டு இறங்கணும்னு கேட்டது எனக்கு. என் காலுதான் எட்டல."

ஸ்பிரிங்கம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட ஏன் சொல்லல? நானே சொல்லித் தந்திருப்பேனே."

"சொன்னா சிரிச்சிருப்ப."

"நான் எதுக்குச் சிரிக்கப்போறேன்?"

"அப்பா மொபெட்டை நீ ஓட்டும்போது எனக்கும் கத்துக்குடுன்னு கேட்டேன். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. 'நீ பையைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி உக்காரு, அதுவே உனக்கு ஜாஸ்தி'ன்னு சொன்ன. தெருவுல நாலு பேர் நின்னு சிரிச்சாங்க. இவர் இந்தப் பழைய வண்டியை வாங்கற வரைக்கும் நான் எந்த வண்டியிலயும் முன்னாடி உக்காரவே இல்ல."

ஸ்பிரிங்கம்மாவுக்கு அது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தினம் பத்துப் பேரிடம் பத்து வார்த்தை சொல்கிறவளுக்கு, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வார்த்தை எங்கிருந்து நினைவிருக்கும்? அடித்தவன் மறப்பான், பட்டவன் மறக்கமாட்டான் என்பார்கள். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. காலையில் அத்தனை நேரம் தொப்பையைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? வாயாடி மனிதர், இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்!

குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். மூன்று தடவை சோப்புப் போட்டாள். திரும்பி வந்தபோது மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்குக் கிடையாது. தட்டிலிருந்த கழுநீரை அக்காவின் முன்னால் நகர்த்தினாள்.

"இதைப் பாரு. முன் ஃபோர்க்குல இருந்தது. இதுவும் உளுத்துப்போன ஸ்பிரிங்கும் இருந்தா, நானே ஓட்டியிருந்தாலும் குனிஞ்சுதான் இருக்கும். ஆனா குனிஞ்சதும் பிரேக்கை விட்ட பாரு, அது உன் தப்பு."

"தெரியும்," என்றாள் அக்கா.

"மாமா." அவர் நிமிர்ந்தார். "இந்தத் தங்க ஷாக்கு தொண்ணூறு கிலோ ஆளுக்குச் செஞ்சது. இவ உக்காந்தா ஒரு நூல்கூட இறங்காது. ரோட்டுல இருக்கற ஒவ்வொரு கல்லையும் முதுகுத்தண்டால எண்ணலாம். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கடைக்காரன் மெத்து மெத்துன்னு இருக்கும்னு சொன்னான் ம்மா."

"அவன் சொல்லுவான். உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதுல ஒரு மாற்றமும் இல்ல. ஆனா..." ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "தூக்கிப் போட வேணாம். இதுல இருக்கற ஸ்பிரிங்கை மட்டும் மாத்திடறேன். நிறம் அப்படியே இருக்கும்."

மாமாவின் முகம் விரிந்ததைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

புதுக் குழாய்கள் வர ஒன்பது நாள் ஆனது. எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை மாற்றினாள். லேசான ஆளுக்கு ஏற்ற புது ஸ்பிரிங் போட்டு, எண்ணெய் மட்டத்தை அளவுகோலால் பார்த்து ஊற்றினாள். சீட்டைப் பிரித்து உள்ளே இருந்த மெத்தையை இரண்டு இஞ்ச் சீவி, மறுபடி தைக்கக் கொடுத்தாள். வெல்டர் ஒரு நாள் வந்து, "அந்த ஐம்பத்தெட்டு கிலோ ஐயா வண்டி என்னாச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். "உனக்கு வேற பொழப்பு இல்ல?" என்றாள். அவர் குழம்பிப் போய்விட்டார்.

அக்காவின் கட்டுப் பிரித்து இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். ஸ்பிரிங்கம்மா அக்காவை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னாள். இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதிந்தன. பின் சக்கர அச்சிலிருந்து மேலே நாடாவைப் பிடித்து, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தை இரண்டு திருப்பு முடுக்கி மறுபடி அளந்தாள்.

"இந்தச் சந்து முனை வரைக்கும் போயிட்டு வா."

அக்கா கிளட்சை விட்டாள். வண்டி துள்ளி அணைந்தது. மறுபடி அணைந்தது. நாலாவது தடவை நகலெடுக்கும் கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் வெளியே வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். வெல்டரின் உதடு பிரியப் போவதை ஸ்பிரிங்கம்மா பார்த்தாள். "எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க. இங்க என்ன குரங்காட்டமா காட்டறாங்க?" என்று போட்ட சத்தத்தில் மூவரும் உள்ளே போனார்கள். ஐந்தாவது தடவை வண்டி நகர்ந்தது. நெளிந்து, நிமிர்ந்து, சந்து முனையில் திரும்பி மறைந்தது.

மாமா பாதி தூரம் பின்னாலேயே ஓடிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "முனை வரைக்கும்னு சொன்னியே ம்மா," என்றார்.

"வருவா."

வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அவர் கேஸ் அழுத்தத்துக்கும் இதய ரத்த அழுத்தத்துக்கும் உள்ள ஒற்றுமைகளை விளக்கத் தொடங்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். முழுசாக நாலு நிமிடம் கேட்டாள். அதற்குமேல் மனுஷியால் முடியாது. "மாமா, போதும்," என்றாள்.

அக்கா வந்து நிறுத்தினாள். முடி கலைந்திருந்தது. மூக்கு நுனியில் வியர்வை. "நல்லா இருக்கு," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "முன்னாடி மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. சின்னக் கல்லு பட்டாலும் கைக்குத் தெரியுது," என்றாள்.

ஸ்பிரிங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு எனக்கே சொல்லித் தருகிறாள். அந்த மணிக்கட்டு இன்னும் பலம் பெறவில்லை, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி கைப்பிடியைத் தன் முழு எடையாலும் அமுக்கினாள். விட்டாள். மறுபடி அமுக்கினாள்.

முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒரு மடக்கு கூடுதல்தான்.

"இறங்கு," என்றாள், மூடியைக் கழற்ற ஸ்பேனரைத் தேடிக்கொண்டே.