மூர்த்தி சாருக்கு ஒரு காதல் பாட்டு

"12.9.2002, வியாழன். டி.வி. பாட்டு டெடிகேஷனில் இன்று சிறு பிழை. பெயர் மாறிவிட்டது."

எழுதியதைப் படித்ததும் எழிலுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இதுவா சிறு பிழை? 'சிறு' என்பதை அடித்தான். அப்படியும் மனம் ஆறவில்லை.

கல்யாணமாகி எட்டு மாதம். கவிநிலாவை அவன் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா அப்பா எதிரில் கூச்சம். தனியாக இருக்கும்போதும் அதே பழக்கம். 'இந்தா' என்பான், அவளும் வருவாள். திருவிழாவுக்கென்று கீழ்பென்னாத்தூருக்குத் தாய்வீடு போனவள் திரும்பி வரவில்லை.

"எனக்குன்னு ஒரு பேரு வெச்சிருக்காங்க. கேபிள் டி.வி.ல ஊர்ல இருக்கறவன்லாம் பொண்டாட்டி பேரு சொல்லிப் பாட்டு போடறான். நீங்களும் ஒரு தடவ சொல்லுங்க, அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

உள்ளூர் சேனலின் அந்த நிகழ்ச்சி தினமும் மாலையில் வரும், கீழ்பென்னாத்தூரிலும் தெரியும். இரண்டு வாரமாக எழில் முயன்றும் லைன் எங்கேஜ்டாகவே இருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதி வைத்து, குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தான். பகலில் ஹார்டுவேர் கடையில் வேலை, மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. வகுப்பு நடத்தும் மூர்த்தி சார், "லோக்கல் கால்தானே, பண்ணிக்கோ" என்று தன் மேசை போனைத் தள்ளி வைத்தார். இன்றைக்கென்று பார்த்து லைன் கிடைத்துவிட்டது.

"வணக்கம், பேரு சொல்லுங்க."

"எழில்."

"இந்தப் பாட்டு யாருக்கு, எழில்?"

எதிரே சார் கன்னத்தில் கை வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வகுப்பு முழுக்கத் தட்டுவதை நிறுத்தியிருந்தது. வீட்டில் அம்மா டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை.

"அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும்."

"ஸ்பெஷலா யாராவது?"

இதுதான் அவன் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தான். சார் புருவத்தை உயர்த்தினார்.

"ஸ்பெஷலா… மூர்த்தி சாருக்கு."

மறுமுனையில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாட்டைப் போட்டாள். நீ இல்லாவிட்டால் எனக்குப் பகலும் இருட்டுதான் என்று ஒருவன் உருகி உருகிப் பாடினான்.

"டேய் எழிலு, சாரு வீட்ல ஒத்துப்பாங்களா?" என்றான் பின்வரிசையிலிருந்து கோபி.

சார் தொண்டையைச் செருமினார். "பரவால்லப்பா. அடுத்த தடவ எனக்குன்னா சாமி பாட்டா போடு."

வகுப்பு முடிவதற்குள் எழில் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். மாமியார் திரௌபதிதான் போனை எடுத்தாள்.

"பாட்டு நல்லா இருந்துச்சு, மாப்ள. யாருங்க அந்த மூர்த்தி?"

அவன் பதில் தேடுவதற்குள் போன் கை மாறியது.

"சொல்லுங்க" என்றாள் கவிநிலா.

"நான்தான்."

"அது தெரியுது. யார் கூடப் பேசணும் உங்களுக்கு? பேரு சொல்லுங்க, கூப்பிடறேன்."

அடுத்த காலுக்குக் காத்திருந்த ஆள் கண்ணாடிக் கதவைத் தட்டினான். சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாலே எழுத்து.

"இந்தா, நான் சொல்றத…"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா, "எம் பேரத்தான்டா மொதல்ல சொன்ன" என்று பூரித்துப்போய் இன்னொரு தோசை வைத்தாள்.

இப்போது டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தான். மறுபடி லைன் கிடைத்தாலும் மறுபடி உளறத்தான் போகிறான். போனை நம்பிப் பயனில்லை, தன் வாயை நம்புவதும் சந்தேகம்தான். நேரில் போய் நின்றால் அவளாவது முன்னால் இருப்பாள். அடித்த வரிக்குக் கீழே எழுதினான்:

"நாளை: கடைக்கு லீவு சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போக வேண்டும். வாசலில் நின்று, தெருவில் ஆள் இருந்தாலும், கவிநிலா என்று உரக்கக் கூப்பிட வேண்டும்."