நாலு கதவு பஸ்

"நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும் சுகத்துக்கு விலையே இல்லை என்பார்கள். அண்ணிக்கு அது ஒரு வருட சினிமா வேலைக்குக் கிடைத்தது. பேரம் பேசாமல் வாங்கினாள்.

வீடியோ எடிட்டிங் கூடம் அண்ணியுடையது. கணவனின் தம்பிக்கு அங்கே வேலை, கோட்டுப் போட்டுக்கொண்டு நடப்பது. அதனால் பேரே கோட்டு. சினிமாக் கம்பெனி மானேஜர் அன்று சோதனை பார்க்க வருகிறார். நான்கு எடிட்டர்கள் ஒரே நேரத்தில், ஒரே பெரிய கம்ப்யூட்டரிலிருந்து படத்தை இழுத்து, திக்காமல் வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் வருடம் முழுக்க வேலை.

நான்கு எடிட்டர்களின் கேபிளையும் இணைக்க, அந்தக் கம்ப்யூட்டரில் கோட்டு எங்கேயோ பிடித்துவந்த பழைய நெட்வொர்க் கார்டைச் செருகியிருந்தான்.

"நாலு போர்ட் அண்ணி, நாலு மடங்கு வேகம். கணக்கு சரிதானே?"

"ஓட்டையை எண்ணிட்டீங்க தம்பி. நீங்க சொருகின ஸ்லாட் ஆதி காலத்துது. அதோட பஸ், அதான் டேட்டா போற வழி, ரொம்பச் சின்னது. நாலு போர்ட்டும் அந்த ஒண்ணுலதான் போகணும்."

"பஸ்ஸா?" கோட்டு எடிட்டர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "கம்ப்யூட்டருக்குள்ள பஸ் ஓடுதாம்யா! கண்டக்டர் யாரு அண்ணி, நீங்களா?"

நால்வரும் சிரித்தார்கள். சம்பளம் கொடுக்கிறவள் முகத்துக்கு நேரே சிரித்தார்கள்.

அண்ணியின் மேசை இழுப்பறையில் புது கார்டு ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதே கம்ப்யூட்டரில் அதற்கேற்ற அகலமான ஸ்லாட்டும் காலி. மாற்ற ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அண்ணி இழுப்பறையைத் தொடவில்லை. பட்டால்தான் சில ஜென்மங்களுக்குப் புத்தி வரும்.

கோட்டு கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தான். ஒவ்வொன்றும் தனியாக முழு வேகத்தில் பறந்தது. பின்னே? காலி பஸ்ஸில் ஒருத்தன் ஏறினால் காலை நீட்டிப் படுக்கலாம். நாலு கதவு வைத்துவிட்டால் நாலு பஸ் கூட்டம் ஏறிவிடுமா?

மானேஜர் வந்தார். முதல் திரையில் படம் வெண்ணெயாய் ஓடியது. இரண்டாவது சேர்ந்தது, முனகியது. நான்கும் ஓடியபோது கதாநாயகன் "நான்" என்றான். "உன்னை" வந்து சேருவதற்குள் மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கேபிள் சரியில்ல சார்," என்றான் கோட்டு. ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்.

"இந்த வேகத்துல படம் முடியறதுக்குள்ள ஹீரோவுக்குப் பேரன் பொறந்துடுவான்," என்று மானேஜர் எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் அண்ணி இழுப்பறையைத் திறந்து புது கார்டை மேசையில் போட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்."

கோட்டு கூசிக் குறுகுவான் என்று பார்த்தாள். அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எப்போலேர்ந்து இங்க இருக்கு அண்ணி?"

எடிட்டர்கள் இப்போது சிரிக்கவில்லை. நான்கு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அண்ணி மனக்கணக்குப் போட்டாள். போர்ட் நான்கு, பஸ் ஒன்று, வந்த வேலை சைபர். முட்டாள்கள் என்ற வரியில் காலையிலேயே ஒன்று போட்டு வைத்திருந்தாள். அதை இரண்டாக்கினால்தான் கணக்கு நேரானது.