பசை வைத்த ஈக்கள்

தூண்டில் கடையின் பின்னறையில், ஜன்னலோரம் அவளுடைய மேசை. கடை அத்தானுடையது. அக்காவும் அவரும் மாடியில் ஒரு பக்கம், அவள் இன்னொரு பக்கம். பொய் ஈ கட்டுவது அவள் வேலை. சின்ன வைஸ் இடுக்கியில் தூண்டில் முள்ளைக் கவ்வ வைத்து, அதன்மேல் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, மீன் உயிருள்ள பூச்சியென்று நம்பி வாயைத் திறக்கும்படி செய்ய வேண்டும். ஊரில் அவளுக்கு ஈக்காரி என்றே பெயர்.

'கருங்கழுத்து' அவள் சொந்தமாக உருவாக்கிய ஈ. ஆற்றுக் கற்களைப் புரட்டிப் பிடித்த பூச்சிகளை ஜாம் பாட்டிலில் விட்டு, கால்கள் தண்ணீரில் எப்படி அலைகின்றன என்று மாதக்கணக்கில் பார்த்தாள். காலுக்குக் கோழி இறகு வைத்தால் விறைத்து நின்றது. கவுதாரி இறகு வளைந்து கொடுத்தது. முயல் காது ரோமத்தை மெழுகிட்ட நூலில் முறுக்கி உடம்பாக்கி, அது பிரியாமலிருக்க மெல்லிய செம்புக் கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். நாற்பதுக்கு மேல் குப்பைக்குப் போன பிறகு, ஒன்று போட்ட மாத்திரத்தில் மீனோடு திரும்பியது.

அடுத்த மாதம் மீன்பிடிச் சங்கத்தின் பத்திரிகையில் அத்தானின் படம் வந்தது. உள்ளங்கையில் கருங்கழுத்து. இரண்டு வருஷம் ராப்பகலாக உழைத்துத் தானே கண்டுபிடித்ததாகப் பேட்டி.

பத்திரிகையோடு கல்லாவுக்குப் போனாள்.

"என்ன அத்தான் இது?"

"நல்லாத்தானே வந்திருக்கு? தொப்பைதான் கொஞ்சம் தெரியுது."

"என் பேரு எங்கன்னு கேக்கறேன்."

"உன் பேரைப் போட்டா எவன் வாங்குவான்? கை உன்னுது, கடை என்னுது. வீட்டுக்குள்ள இதெல்லாம் பெருசு பண்ணாதே."

அக்காவிடம் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "அவர் குணம் தெரிஞ்சதுதானே. விட்டுடு."

அவள் விடவில்லை. அவரோடு சிரித்துப் பேசினாள், கேட்டதையெல்லாம் கட்டிக் கொடுத்தாள். உள்ளே மட்டும் புகைந்துகொண்டே இருந்தது.

சங்கத்தின் வருடாந்தரப் போட்டி வந்தது. அவரவர் கையால் கட்டிய ஈயில்தான் மீன் பிடிக்க வேண்டும் என்பது விதி. அத்தான் பின்னறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கருங்கழுத்து ஒரு டஜன் வேணும். எனக்குக் கண்ணு சரியில்லம்மா."

கண் நன்றாகத்தான் இருந்தது. கைதான் வராது.

கட்டினாள். வால், உடம்பு, கம்பி, இறகுக்கால் எதிலும் குறை வைக்கவில்லை. கழுத்தில் நூலை அதன் நுனிமேலேயே ஐந்து முறை வளைத்து இழுத்து முடிச்சிட்டு, வார்னிஷ் தடவுவது வழக்கம். அன்று முடிச்சுப் போடாமல் நூலை நறுக்கி, காகிதம் ஒட்டும் பசையைத் தொட்டு வைத்தாள். காய்ந்ததும் வார்னிஷ் போலவே மின்னியது.

ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் நூல் நெகிழ்ந்தது, கால்கள் கழன்றன, ரோமம் கலைந்து மிதந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு கணக்கு குறையாமலிருக்க இன்னொன்று கட்டினாள்.

போட்டியன்று காலையில் அக்காவோடு கரையில் நின்றாள். அத்தான் நான்கு வீச்சு வீசி இழுத்தபோது வெறும் முள் வந்தது. வேறு ஈ மாட்டினார், அதுவும் அப்படியே. பக்கத்திலிருந்தவர்கள் மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதும் உரிந்தபோது ஒருவர் சொன்னார்: "தலைவரே, உங்க ஈக்கு வழுக்கை விழுந்துடுச்சு."

கரையே சிரித்தது. நடுவராக இருந்த பல் டாக்டர் வந்து, பெட்டியில் மீதமிருந்ததை ஈர விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முடிச்சே இல்லை, பசைதான் இருக்கு. இது நீங்க கட்டினதா?"

அத்தானுக்கு முகம் சிவந்தது. "நான் எங்க கட்டினேன்? இதோ நிக்கறாளே மச்சினி, இவ வேலை. எல்லாத்தையும் இவதான் கட்டறா."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது.

"அப்ப கருங்கழுத்து?" என்றார் டாக்டர்.

"அதுவும் என்னுதுதான்," என்றாள் அவள். "இன்னிக்கு இப்படிக் கட்டினதும் நான்தான். வேணும்னேதான் கட்டினேன்."

டாக்டர் பட்டியலில் அத்தானின் பெயரை அடித்தார். "கட்டத் தெரிஞ்சவங்க இப்படிக் கட்டலாமா?"

"கட்டத் தெரியாதவங்க கட்டினேன்னு சொல்லலாமா டாக்டர்?"



அன்று மத்தியானமே அவளுடைய வைஸும் இறகுப் பெட்டிகளும் மாடிப்படியில் கிடந்தன. அக்கா வாசல்வரை வந்தாள்.

"இப்ப திருப்திதானே உனக்கு?"

"திருப்திதான்."

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் மட்டும் அவளுக்கு வலித்தது.

தையல்கடைக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. முதல் சில வாரம் எவரும் வரவில்லை. பிறகு, "கரையாததா பார்த்துக் குடும்மா," என்று கிண்டலோடு ஒருவர் வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். அந்தக் கிண்டல் இன்னும் ஓயவில்லை. அவளும் பொறுத்துக்கொள்கிறாள்.

ஆற்றிலிருந்து அறைக்குக் குறுக்கு வழி உண்டு. ஆனாலும் தினமும் அத்தானின் கடை வாசல் வழியாகத்தான் போகிறாள். அவர் தலையைக் குனிந்துகொள்ளும்வரை அவள் நடை மெதுவாகவே இருக்கும்.