ஒரு லிட்டர் அதிகம்

அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் பாதி மலையிலேயே தனபாலின் ஜீப் கொதித்துவிடும். வெறும் வண்டி நின்றால் யாருக்கு என்ன? டயாலிசிஸ் முடிந்து துவண்டுபோன மனைவி சுமித்ரா அதில் இருப்பாள். வாரம் இரண்டு முறை, கொண்டை ஊசி வளைவில், வெயிலில், இன்ஜின் ஆறும்வரை காத்திருப்பு. ஆறியதும் தனபால் ரேடியேட்டருக்குப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றுவார். அவளோ டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாதென்று உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

அடிவாரத்து மெக்கானிக் அப்சர் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். பழைய ஆயிலை வடித்துவிட்டு சிந்தெடிக் ஆயில் ஊற்றினான். தண்ணீர் எட்டாத இடத்தில் ஆயில்தான் சூட்டை வாங்க வேண்டும், சாதா ஆயில் இந்த ஏற்றத்தில் சீக்கிரம் கெட்டுவிடுகிறது, இது தாங்கும், தேய்மானமும் குறையும் என்றான். தனபால் தலையாட்டினார். ஆனால் விரலில் தொட்டுப் பார்த்தால் நீர்மோர் மாதிரி ஓடுகிறது. இதை நம்பியா அவளை ஏற்றுவது? வீட்டுக்கு வந்ததும், கேனில் கிடந்த சாதா ஆயிலில் ஒரு லிட்டரை அதன் மேலேயே ஊற்றினார். மிளகு அளந்தாலும் படிக்கு மேல் ஒரு கை போடுகிற மனுஷன். இன்ஜினுக்கும் அதே தாராளம்.

அடுத்த தடவை ஜீப் முன்னைவிடச் சீக்கிரமே நின்றது. தனபாலுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்சரை போனில் பிடித்துக் கண்டபடி திட்டினார். அவன் பைக்கில் ஏறி வந்து, ஆயில் பார்க்கிற கம்பியை உருவினான். கோட்டுக்கு வெகு மேலே, நுரையோடு இருந்தது.

"கலந்ததுகூடப் பரவால்லீங்ணா. அளவுக்கு மேல ஊத்தீட்டீங்க. உள்ள அடிபட்டு நுரைச்சுப் போச்சு. நுரை சூட்டை வாங்காதுங்க."

சீட்டிலிருந்து சுமித்ரா பேசினாள்.

"ஏனுங்க, நான் ஒரு தம்ளர் அதிகமாக் குடிச்சாலே மூச்சு முட்டுதல்லங்க? அதுக்கும் அப்படித்தானுங்க."

குறை சொல்லும் தொனியே அவள் குரலில் இல்லை. அதனாலேயே அவருக்கு இன்னும் வலித்தது. இன்ஜின் ஆறியதும் அப்சர் அதிகப்படியை வடித்து எடுத்தான். மறுநாள் ஆயில் முழுவதையும் மாற்றிக் கொடுத்தான்.

அதற்கடுத்த முறை வண்டி எங்கும் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சூடு காட்டும் முள்ளையே பார்த்துப் பார்த்து ஓட்டிய தனபால், வீட்டு வாசலில்தான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். சுமித்ரா கதவில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் நாளில் வழியில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. சாவிக்குப் போன கையை எடுத்துக்கொண்டார். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். இன்ஜினை ஓடவிட்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.