லுபோக்கில் விட்ட கெலி

கெலா மீனைக் காப்பாற்ற அமைத்த கமிட்டியில் கெலாவைக் கண்ணால் பார்த்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. செல்வராணிக்கு அதில் புகார் கிடையாது. அவளுக்கு எரிச்சல் மூட்டியது வேறு விஷயம். கோத்தா திங்கிக்கு மேலே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஓடும் அந்த ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டுவதானாலும் நான்கு தரப்பும் சம்மதிக்க வேண்டும். தோட்டம், கம்பம் எனப்படும் மலாய்க் கிராமம், தமிழர் குடியிருப்பு, ஜேபி நகரத்திலிருந்து வரும் ஆற்றுப் பாதுகாப்புச் சங்கம். ஒருவர் தலையாட்டாவிட்டால் காரியம் அப்படியே நிற்கும்.

"எல்லாருக்கும் சம மரியாதை," என்பார் தலைவர் ராஜசேகரன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் நடத்துவதைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதர், அதையும் ஒழுங்காகச் செய்ததில்லை.

குடியிருப்பின் சார்பில் உட்கார்ந்திருந்தவள் செல்வராணி. லுபோக் என்று எல்லோரும் சொல்லும் ஆழமான மடுவில் யாரும் வலை வீசக்கூடாது என்று கமிட்டி தடை போட்டபோது வீடு வீடாகப் போய்க் கெஞ்சியவளும் அவள்தான். ஆற்றில் விடப்போகும் கெலாக் குஞ்சுகள் வளர்ந்தால் வெளியூர்த் தூண்டில்காரர்களைப் படகில் அழைத்துப்போகும் வேலை நம் ஆட்களுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் வாக்கை நம்பி அத்தனை பேரும் வலையைச் சுருட்டினார்கள். அவள் கணவன் மணியம் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே சுருட்டினான்.

குஞ்சுகளை ஆற்றில் விடும் விழாவன்று கூடாரம் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஆற்றோரம் நான்கு பெரிய நெகிழிப் பைகள் ஒரே அளவில் உப்பி நின்றன. தரப்புக்கொரு பை. கம்பமும் தோட்டமும் கைதட்டலுக்கு நடுவே தங்கள் பைகளைக் கவிழ்த்து முடித்தபோதுதான் செல்வராணி தன் பைக்குள் குனிந்து பார்த்தாள். வெள்ளிச் செதில் மின்னும் சில குஞ்சுகளுக்கு நடுவே கறுப்பாக, மீசையோடு ஒரு கெளுத்திக் கூட்டம் நெளிந்தது.

"ஐயா, இது கெலி," என்றாள் ராஜசேகரனிடம்.

"தெரியும்மா. கெலாக் குஞ்சு வர்ற வழியிலயே நெறைய செத்துப்போச்சு. ஒரு பை நெறைஞ்சும் ஒரு பை காலியாவும் இருந்தா கம்பத்துல என்ன சொல்லுவாங்க? அதான் பண்ணையில சொல்லி ரொப்பச் சொன்னேன்."

"ஆப்பிரிக்கா கெலி ஐயா! எல்லாத்தையும் தின்னுடும்."

"குட்டிதானே. ஒண்ணா வளந்தா பழகிடும் லா. பைய கவுத்தும்மா, படம் எடுக்கணும்."

அவள் கவிழ்க்கவில்லை. சங்கத்துப் பெண் கிளாரிசா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அந்தப் பையை வாங்கிக் கவிழ்த்தாள்.

மறுவாரம் அவசரக் கூட்டம். கெலி பெருப்பதற்குள் வலை போட்டு எடுத்துவிடலாம், தடையைத் தளர்த்துங்கள் என்றாள் செல்வராணி. கம்பத்துத் தலைவர் பாக் ஹமீட் உடனே தலையாட்டினார். தோட்டத்து உதவி மேனேஜர் கால்வின் கோலாலம்பூர்த் தலைமையகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

"முதல்ல ஒரு ஆய்வு செய்யணும் அக்கா," என்றாள் கிளாரிசா. "எது எதைத் தின்னுதுன்னு டேட்டா இல்லாம நாம முடிவெடுக்கக் கூடாது."

"நீங்க டேட்டா எடுக்கிறதுக்குள்ள அது சாப்பிட்டு ஏப்பம் விட்டுடும்."

ராஜசேகரன் மேசையைத் தட்டினார். "நாகரிகமா பேசணும். அடுத்த கூட்டத்துல பார்ப்போம்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வலைய எடுங்க," என்றாள்.

மணியம் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அலமாக்! யாரு சொல்றது பாரு. தொட்டா கைய ஒடிப்பேன்னவ."

"எடுங்கன்னா."

ஒளிந்து செய்ய அவள் விரும்பவில்லை. பட்டப்பகலில், பாலத்திலிருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருவரும் லுபோக்கில் இறங்கினார்கள். மணியம் வீசினான். அவள் பிரித்தாள். கெலாவைத் தண்ணீரில் விட்டாள், கெலியை வாளியில் போட்டாள். வாளி நிறைந்தது. ஆனாலும் மடுவில் இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பாலத்தில் காரை நிறுத்தி கால்வின் படம் எடுத்தான். அவள் நிமிர்ந்து நின்று முகத்தை நன்றாகக் காட்டினாள்.

அன்று மாலையே கமிட்டி கூடியது. யாரும் கோலாலம்பூரைக் கேட்கவில்லை, ஆய்வும் தேவைப்படவில்லை. பாக் ஹமீட் தரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினாராம். செல்வராணியை நீக்கிவிட்டார்கள். கமிட்டி தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு வேகமாக எதையும் தீர்மானித்ததில்லை.

அதற்காக அவள் வருத்தப்படவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டுக் காளிதாஸ் தோளில் வலையோடு கிளம்பியதைப் பார்த்தபோதுதான் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். பின்னாலேயே ஓடினாள்.

"காளி, நில்லுடா."

"நீ வீசலாம், நான் வீசக்கூடாதா? நல்லா இருக்கே அக்கா ஒங்க சட்டம்."

"நான் கெலி புடிச்சேன்."

"நானும் கெலிதான் புடிப்பேன்." அவன் சிரித்த சிரிப்பிலேயே பொய் தெரிந்தது.

அவனைத் தடுக்க அவளிடம் இப்போது பதவி இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லுபோக்கில் இறங்கினாள். இடுப்புவரை தண்ணீர் வந்ததும் அவனைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"வீசு. என் தலைமேலயே வீசு."

காளிதாஸ் வலையை ஒருமுறை உதறினான். கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தான்.

"நாளைக்கு வருவேன்."

"வா. இங்கதான் நிப்பேன்."