உலுக்கும் கை

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை, பாதையில் கிடைத்தது. (வெளியூர் வாசகருக்கு: வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதவைக்கு மட்டக்களப்பில் பாதை என்றுதான் பெயர்.) பென்சன் எடுத்தபின் சும்மா அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறவன் நான். கேட்டதில் பாதியை எழுதுவேன். மீதியை வாவிக்காற்று சொல்லித்தரும்.

தொடக்கம் இப்படி இருந்தது: "கனகசிங்கம் குறட்டை விட்டால், பாடிக்கொண்டிருக்கும் வாவி மீன்கள் வெட்கப்பட்டு…"

வேண்டாம். பாடும் மீன் என்று மட்டக்களப்புக்கே பெயர் வாங்கிக்கொடுத்த மீன்கள், சண்டைக்கு வரும்.

2

கனகசிங்கம் பாதை ஓட்டுகிறவர். ஒரு பகல், நடு வாவியில் நெஞ்சு படபடத்து, கை விறைத்து, "நான் சாகப்போறன்" என்று எஞ்சினை நிறுத்திவிட்டார். பாதை அரைமணி நேரம் மேகம்போல மிதந்தது. (ஐந்து நிமிடம். மிச்சம் என்னுடையது.) ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் குறை இல்லை. பிறகும் இரண்டு தரம் அப்படியே வந்தது.

நித்திரையில் ஒரு கை வந்து தோளை உலுக்குகிறதாம். கைக்குப் பயந்து அவர் நித்திரை கொள்வதில்லை. நித்திரை கெட்ட பகல்களில்தான் அந்தப் படபடப்பு.

"தண்ணியில செத்த ஆரோ வாறான் காக்கா," என்றார் கனகசிங்கம். (காக்கா: முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது.)

"வந்தா டிக்கட் எடுக்கச் சொல்லுங்க அண்ணன்!" என்றார் பாதையில் வந்த காத்தான்குடிப் புடவை வியாபாரி அசனார்.

"சிரிக்காதீங்க. களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வச்சிட்டன். இந்த மாசத்தோட பாதை ஓட்டுறத்தயும் நிப்பாட்டப்போறன்."

3

அந்தக் கை அவர் மனைவி சீதேவியுடையது.

நாலு வருடமாக இரவில் அவர் குறட்டை நடுவில் அறுந்துவிடும், மூச்சே இராது. பொறுத்துப் பார்ப்பாள், முடியாமல் உலுக்குவாள். அவர் பதறி எழும்பும்போது கண்ணை மூடிக்கொள்வாள். கிணற்றடியில் என் மனைவியிடம் சொன்னாளாம்: "பேய் எண்டா நேர்த்தி இருக்கு. மூச்சு நிக்குது எண்டா அந்த மனுசனுக்கு என்னகா இருக்கு?"

(இப்படி ஒருத்தி மறைப்பாளா என்று மூன்று நாள் அவளை நம்பாமல் பேனையை மூடிவைத்தேன். பிறகுதான் உறைத்தது: நாலு வருடமாக நித்திரை இல்லாதவள் அவளும்தான்.)

4

அடுத்த கிளினிக்குக்குச் சீதேவியும் கூடப்போனாள். அங்கிருந்த இளம் டொக்டர் பிள்ளைதான் முதன்முதலாக நித்திரையைப் பற்றிக் கேட்டாள். கனகசிங்கம் கையின் கதையைச் சொன்னார். அவள் சீதேவியைப் பார்த்தாள். "பக்கத்தில படுக்கிற நீங்க சொல்லுங்கம்மா."

இந்த இடத்தில் சீதேவியை மயங்கி விழவைக்கலாம் என்று… இல்லை. அவள் சொல்லிவிட்டாள்.

"அது என்ட கை."

"நீயா?" கனகசிங்கம் வாய் பிளந்தார். "அப்ப நேர்த்தி?"

"நித்திரையில மூச்சு அடைபடுகுது போல ஐயா," என்றாள் டொக்டர். "அப்படித் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்புற உடம்புக்குப் பகலிலயும் பயம் சுலபமா வரும். ஒரு நாள் ராவைக்கு இஞ்ச படுக்கவச்சுப் பாப்பம். பார்த்துத்தான் சொல்லலாம்."

தேதி இரண்டு கிழமை தள்ளி. வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "இனி உலுக்கினா, நான்தான் எண்டு சொல்லிட்டு உலுக்கு."

5

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் அவர் பாதையை விட்டுவிடுகிறார். ஒன்றில் நித்திரையில் மூச்சு அடைபடாமல் காற்று ஊதும் மெசின் வாங்குகிறார். ஒன்றில் மீன்கள்… விடுங்கள்.

உண்மையில் இப்போது மத்தியானம். பாதை துறையில் கட்டிக்கிடக்கிறது, அதில் கனகசிங்கம் படுத்துக்கிடக்கிறார். வாவி பால்போல அசையாமல் இருக்கிறது. சோறு கொண்டுவந்த சீதேவி, அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டே பலகையில் சாய்ந்து, நாலு வருடத்தில் முதல்தடவையாக நன்றாகத் தூங்கிப்போனாள்.

குறட்டை அறுந்துவிட்டது.

என் கையில் பேனை. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? பொறுத்துப் பார்ப்பதோ உலுக்குவதோ உங்கள் இஷ்டம். உலுக்குவதென்றால், பெயரைச் சொல்லிவிட்டு உலுக்குங்கள்.