மேடேறிய எண்ணெய்

அர்த்தனாரியின் காரிலிருந்து ஒழுகிய எண்ணெய் மேடேறி ஓடியது. மலைமேல் இருந்த திண்ணனூர் நாட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருஷம் சாமை பொய்த்ததைத்தான் பேசினார்கள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. ராசிபுரத்து மரக் காண்டிராக்டரான அவன், ஒரு துரை ஓட்டித் தேய்த்த காரை வாங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் பிரித்து, ஆட்கள் தலையில் ஏற்றி மேலே கொண்டுவந்து பூட்டினான். ஊரைச் சுற்றிய ஒற்றை மண் தடத்தில் அதை ஓட்டிக்கொண்டு, நடந்து போகிறவர்களை ஆடுகளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவர்களில் அவன் மனைவி பொன்னாயியின் அண்ணன்மாரும் இருந்தார்கள்.

எஞ்சினின் அடியில் சொட்டிய எண்ணெய் வாசலைத் தாண்டி, சரிவேறி, கணவாய்க் கருப்பன் கல்லடியில் போய் நின்றது. எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தியும் ஒழுக்கு நிற்கவில்லை. அர்த்தனாரி சோப்பை அப்பினான், தார் பூசினான், சாக்கைத் திணித்தான். மிஸ்திரி ஜமால் முகமது மலையேறி வந்து, காருக்கடியில் படுத்துப் பார்த்து, அடித்திருகில் இருக்கவேண்டிய செப்பு வளையத்தைக் காணோம் என்றார். அவர் வெட்டிப் போட்ட வளையங்கள் எல்லாம் மறுநாளே பிளந்தன.

பொன்னாயிக்கு உடனே புரிந்தது. மலையேறும் எந்தச் சுமையிலும் ஒரு கிள்ளு கருப்பனுக்கு. உப்பென்றால் ஒரு பிடி, துணியென்றால் ஒரு நூல். காரில் கிள்ள முடிந்தது அந்த வளையம்தான்; சுமந்தவர்கள் அதைக் கணவாயில் கருப்பனுக்கு வைத்துவிட்டு வந்திருந்தார்கள். சுமந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவனுக்குக் கேட்கத் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால் காலிச் செம்பைக் காலால் நகர்த்துவான். அவளும் சொல்லவில்லை. நெல்லிக்காயை ஒதுக்கிக்கொள்வதுபோல் இரண்டு மழைக்காலம் அதை வாய்க்குள் வைத்திருந்தாள். இத்தனை கசப்பு தனக்கு இனிக்கிறதே என்று சில நாள் அவளுக்கே கூசியது.

புது எஞ்சின் வாங்க, அவள் அப்பன் அவள் பேரில் விட்டுப்போன மிளகுத் தோட்டத்தை விற்கக் கைநாட்டு வைக்கச் சொன்னபோதுதான் பொன்னாயி வாய் திறந்தாள். அவன் சிரித்தான். ஊர் பார்க்கக் கணவாய்க்குப் போய், கருப்பன் வேலில் மாட்டியிருந்த வளையத்தைப் பிடித்து இழுத்தான். பிறகு வேலில் காலை ஊன்றி இழுத்தான். வளையம் அசையவில்லை.

"உங்க மாப்பிள்ளை வேலோட கயிறிழுக்கறாருங்க அண்ணா," என்றாள் வேடிக்கை பார்த்து நின்ற சென்னம்மாள், பொன்னாயியின் மூத்த அண்ணனிடம்.

பொன்னாயி முன்னே வந்து கும்பிட்டாள். "என் மிளகுக்கொடி போயிருமுங்க சாமி." வளையம் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அர்த்தனாரி கையை நீட்டினான். அந்தக் கையை அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒரு நாளாவது அதற்குப் பயந்திருந்தோம் என்பதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கேளுங்க. குடுக்கறேன்."

"உங்கிட்டயா?"

"எங்கிட்டத்தானுங்க."

அவன் கேட்கவில்லை. அவள் வளையத்தைத் திரும்ப வேலில் மாட்டிவிட்டு மிளகு பறிக்கப் போனாள். கைநாட்டு வைக்கவே இல்லை. அர்த்தனாரி அந்த வாரமே பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் போனான்.

காரின் மேல் அவரைக்கொடி படர்ந்தது. கொடுவாளுக்குத் துருப்பிடிக்காமல் பூச எண்ணெய் வேண்டியவர்கள் கொட்டாங்குச்சியோடு வந்து, பொன்னாயியிடம் கேட்டுவிட்டுப் பிடித்துப் போனார்கள். மிச்சம் வழக்கம்போல் மேடேறியது.